விஷன் போர்டு ஒட்டியும் படிப்பு நகரவில்லையா? இலக்கை எட்ட பாசிட்டிவ் சைக்காலஜி எங்கே உதவும், எங்கே உதவாது

கேள்வி: பகலில் தனியார் கம்பெனி வேலை, ராத்திரி டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். சுவரில் விஷன் போர்டு (ஆசைப்படும் வாழ்க்கையின் படங்கள்) ஒட்டியிருக்கிறேன், காலையில் எழுந்ததும் "என்னால் முடியும்" என்பது போன்ற அஃபர்மேஷன் சொல்கிறேன். பத்துப் பதினைந்து நாள் நன்றாகப் போகும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். பாசிட்டிவ் சைக்காலஜியை வைத்து இலக்கை அடையலாம் என்கிறார்களே, நிஜமாகவே முடியுமா? எப்படி?

பதில்:

முடியும். ஆனால் நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது பாசிட்டிவ் சைக்காலஜி கிடையாது. விஷன் போர்டும் அஃபர்மேஷனும் சுயமுன்னேற்றச் சந்தையின் சரக்கு. மார்ட்டின் செலிக்மன் 1998-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்தபோது, மனநோயை ஆராய்வது போலவே மனிதர்கள் நன்றாக வாழ்வதையும் ஆய்வு முறைப்படி சோதிக்க வேண்டும் என்று தொடங்கிவைத்த துறைதான் பாசிட்டிவ் சைக்காலஜி, நேர்மறை உளவியல். அப்படிச் சோதித்துப் பார்த்தபோது முதலில் அடிவாங்கியவற்றில் இனிய பகல்கனவும் ஒன்று.

கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களிடம் தொடக்கத்திலேயே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒன்று, "உங்களால் குறைக்க முடியும் என்று நம்புகிறீர்களா?" இன்னொன்று, "குறைத்த பிறகு எப்படி இருப்பீர்கள் என்று கற்பனை ஓடுகிறது?" ஓராண்டு கழித்து எடை பார்த்தால், முடியும் என்று நம்பியவர்கள் அதிகம் குறைத்திருந்தார்கள். கற்பனையில் எல்லாம் இனிமையாக ஓடியவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகத்தான் குறைத்திருந்தார்கள். படிப்பு முடித்து வேலை தேடிய பட்டதாரிகளிடமும் இதே கதைதான். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் குறைவான விண்ணப்பமே போட்டிருந்தார்கள், குறைவான வாய்ப்பே பெற்றிருந்தார்கள், சம்பளமும் குறைவு.

காரணம் உடம்பிலேயே தெரிகிறது. ஹீதர் கப்பஸும் ஓட்டிங்கனும் 2011-இல் அளந்து பார்த்ததில், இனிய கற்பனைக்குப் பிறகு சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் (அளவெடுக்கும்போது முதலில் சொல்லும் பெரிய எண்) இறங்கியது. அதாவது உடம்பு ஒரு வேலைக்குத் தயாராவதற்குப் பதில் ஓய்வுக்குப் போகிறது. காலை ஆறு மணிக்கு உங்கள் போர்டைப் பார்த்துத் தாலுகா அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டால், அந்தச் சந்தோஷத்திலேயே முறுக்கு தளர்ந்துவிடுகிறது.

அஃபர்மேஷன் இன்னும் கொஞ்சம் ஆபத்து. ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு "நான் அன்புக்குரியவன்" போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஓரளவு பலன் இருந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கு மனநிலை இன்னும் கீழே போனது. சொல்லும் வாய்க்கும் நம்பாத மனதுக்கும் நடுவே ஒரு பட்டிமன்றம் நடந்து, மனம் ஜெயித்துவிடுகிறது. யாருக்கு அஃபர்மேஷன் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது கெடுதல்.

இன்னொன்றையும் இங்கேயே தள்ளிவிடலாம். "யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் பேர், இருபது ஆண்டு கழித்து மீதி 97 சதவீதத்தைவிட அதிகச் சொத்து சேர்த்திருந்தார்கள்" என்று எல்லா மோட்டிவேஷன் பேச்சிலும் வரும். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. எழுதிவைப்பது நல்லதுதான், ஆனால் எதை எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

என் கணிப்பில், நல்ல உணர்ச்சிக்கு இந்த வேலையில் இரண்டே இடங்கள்தான். எந்த இலக்கு என்று தேர்ந்தெடுக்கும்போது ஒன்று. சறுக்கியபின் திரும்பி வரும்போது இன்னொன்று. இடையில் தினமும் புத்தகத்தைத் திறக்க வைப்பது தடையை முன்கூட்டியே பார்த்துப் போட்ட திட்டம். இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இது யாருடைய இலக்கு?

கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999-இல் முன்வைத்த மாதிரி இதற்கு மிக உதவும். ஒரு தாளில் இலக்கை எழுதி, கீழே நான்கு காரணங்களுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்.

அ) வேறு யாரோ எதிர்பார்க்கிறார்கள், அல்லது சூழ்நிலை கட்டாயப்படுத்துகிறது.
ஆ) செய்யாவிட்டால் வெட்கமாக, குற்ற உணர்ச்சியாக இருக்கும்.
இ) இது முக்கியம் என்று நானே உண்மையாக நினைக்கிறேன்.
ஈ) இதைச் செய்வதே எனக்குப் பிடித்திருக்கிறது.

இ, ஈ இரண்டையும் கூட்டி, அதிலிருந்து அ, ஆ இரண்டையும் கழியுங்கள். விடை நேர்மறையாக வந்தால், சொந்த இலக்கு. அவர்கள் ஆய்வில் இப்படிப்பட்ட இலக்குகளுக்கு ஆட்கள் நீண்ட காலம் உழைத்தார்கள், அதிகம் எட்டினார்கள், எட்டியபின் மனநிறைவும் கூடியது. சொந்தமில்லாத இலக்கை எட்டியவர்களுக்கு அந்த நிறைவு பெரிதாக வரவில்லை.

எதிர்மறையாக வந்தால் உடனே படிப்பை விட வேண்டும் என்று அர்த்தமில்லை. நம் வீடுகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் தந்திரமானது. "அப்பா ஆசைப்பட்டார்" என்பது எப்போதும் 'அ' பிரிவில் விழாது. வீட்டுக்கு நிலையான வருமானம் வேண்டும், தங்கை படிப்பு இருக்கிறது, அதை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன் என்றால் அது 'இ'. குடும்பக் கடமையை மனதார ஏற்பது தன்விருப்பம்தான். டெசி, ரயன் இருவரின் சுயநிர்ணயக் கோட்பாடு அதை அப்படித்தான் பார்க்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் பாஸ் ஆனதால் உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பயந்து படிப்பதுதான் 'ஆ'. பத்து நாளில் நின்றுபோகும் இலக்குகளில் நான் முதலில் தேடுவது இந்த 'ஆ' மதிப்பெண்ணைத்தான். வெட்கம் ஆளைத் தொடங்க வைக்கும், தொடர வைக்காது. கொஞ்சம் சிரமமானதும் அந்த வெட்கத்திலிருந்து தப்பிக்க மனசு புத்தகத்தையே பார்க்க மறுக்கும்.

இந்த இடத்தில் ஒரே ஒரு முறை கனவுக்கு அனுமதி உண்டு. லாரா கிங் 2001-இல் சோதித்த பயிற்சி: எல்லாம் நல்லபடி நடந்தால் சில ஆண்டுகளில் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று 20 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுத வேண்டும். அதைச் செய்தவர்களுக்கு மனநிலை நன்றாக இருந்தது. ஐந்து மாதம் வரை உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குப் போனதும் குறைந்தது. இது ஓட்டிங்கன் சொன்னதற்கு முரண் போலத் தெரியலாம். முரண் இல்லை, வேலை வேறு. எழுதும்போது எனக்கு எது முக்கியம் என்று தெளிவாகிறது. படிப்பு அதனால் நகர்ந்துவிடாது. நான்கு நாள் எழுதுங்கள், மடித்து வையுங்கள், தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள். எழுதியதில் "அரசு வேலை" என்ற சொல்லே வராமல் "சொந்த ஊரில் இருக்கிறேன், ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன்" என்று மட்டும் வந்தால், அதையும் கவனியுங்கள். அங்கே போக வேறு வழிகளும் இருக்கலாம்.

அளவு

"குரூப் 4 பாஸ் பண்ண வேண்டும்" என்பது உங்கள் கையில் இல்லை. கட்-ஆஃப் மற்றவர்கள் எழுதுவதைப் பொறுத்தது, காலியிடங்களைப் பொறுத்தது. கையில் இருப்பதைப் பார்ப்போம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள்.

எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் பல பத்தாண்டு ஆய்வு சொல்வது: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்பதைவிடத் துல்லியமான, சற்றுக் கடினமான இலக்கு அதிகம் சாதிக்கும். அதே ஆட்கள் சொன்ன இன்னொரு பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேலை புதிது, சிக்கலானது, இன்னும் செய்யவே தெரியாது என்றால் எண்ணிக்கை இலக்கு கெடுதல் செய்யும். அங்கே கற்றல் இலக்கு வேண்டும்.

உங்களுக்குத் தமிழ் ஓரளவு வரும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எண்ணிக்கை இலக்கு சரி: "இந்த மாதிரித் தேர்வில் 100-க்கு 72 சரி, அடுத்த மாதம் 80." கூட்டுவட்டி, காலமும் வேலையும் போன்ற கணக்குகள் பள்ளியோடு மறந்துபோச்சு என்றால் அங்கே "25-க்கு 20" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் 9, 11 என்று வரும்போது மனசு ஒடியும். அப்புறம் சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பேற்றப் பார்ப்பீர்கள். "இந்த வாரம் கூட்டுவட்டியில் நான் எங்கெங்கே தவறுகிறேன் என்று மூன்று இடம் கண்டுபிடிப்பேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேரும் கணக்கை இரண்டு வழியில் போடுவேன்" என்று எழுதுங்கள். இது முடியக்கூடியது, முடிந்தால் நிஜமாகவே மதிப்பெண்ணாக மாறும்.

கால அளவில் நாம் எல்லோருமே ஏமாறுகிறோம். ரோஜர் பியூலர் குழுவினர் 1994-இல், ஆய்வேடு எழுதும் கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் சுமார் 30 சதவீதம். ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகத்தை முடிக்க உங்களுக்குத் தோன்றும் நாளை 1.6-ஆல் பெருக்குங்கள். இன்னும் நல்ல வழி, போன முறை ஒரு புத்தகத்துக்கு நிஜமாக எத்தனை நாள் ஆனது என்று பார்த்து அதையே வைத்துக்கொள்வது.

தடையைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஓட்டிங்கனின் முறைக்கு நான்கு படிகள்: விருப்பம், பலன், தடை, திட்டம். பத்து நிமிடம் போதும், தனியாக, போன் இல்லாமல். வரிசை மாறக்கூடாது. பலனை முதலில் நினைத்து உடனே தடையை நினைத்தால் இரண்டும் மனதில் பிணைகின்றன. தடையில் தொடங்கிக் கனவில் முடித்தால் அந்தப் பிணைப்பு உருவாகவில்லை என்று அவர்கள் சோதனைகளிலேயே தெரிந்தது.

உங்கள் நிலைமைக்கு ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

விருப்பம்: அடுத்த நான்கு வாரத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை முடிப்பது. (நான்கு வாரம் போதும். ஓராண்டு விருப்பத்துக்கு இந்த முறை தொளதொளவென்று ஆகிவிடும்.)

பலன்: ஒரே ஒரு காட்சி. மாதிரித் தேர்வில் இலக்கணக் கேள்வி வரும்போது யோசிக்காமல் விடையை நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகும் அந்த நிம்மதி. ஒரு நிமிடம் அதிலேயே இருங்கள்.

தடை: பெரும்பாலானவர்கள் இங்கே "நேரமில்லை" என்று எழுதுவார்கள். அது தடை இல்லை, தலைப்பு. உள்ளே போங்கள். எட்டரை மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். குளித்துச் சாப்பிட ஒன்பதேகால். தட்டைக் கழுவிவிட்டு "அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு உட்காரலாம்" என்று போனை எடுக்கிறீர்கள். பத்தரை. அந்த ஒன்பதேகால் மணிக்கு உள்ளே ஓடுவது என்ன? "இன்னைக்கு ரொம்ப களைப்பு. இப்ப படிச்சாலும் மண்டையில ஏறாது. நாளைக்குக் காலைல சீக்கிரம் எழுந்து படிச்சுக்கலாம்." இந்த வாக்கியம்தான் தடை. போன்கூட இல்லை, போன் அந்த வாக்கியத்துக்குத் துணை.

திட்டம்: "ராத்திரி தட்டைக் கழுவி வைத்து, 'இன்னைக்கு ஏறாது' என்ற நினைப்பு வந்தால், போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு மேசையில் விரித்து வைத்திருக்கும் பக்கத்தில் பத்து வரி சத்தமாக வாசிப்பேன்."

பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வாக்கிய அமைப்பு இது. உளவியலில் இவ்வளவு சிறிய உபாயத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்த இடங்கள் குறைவு. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் நடுத்தரத்துக்கும் பெரிதுக்கும் இடையில் நின்றது. பிரிட்டனில் 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அடுத்த வாரம் ஒருமுறையாவது 20 நிமிடம் நல்ல உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எதுவும் தராத குழுவில் 38 சதவீதம் செய்தார்கள். இதயநோய் பற்றிப் படிக்கக் கொடுத்து உற்சாகப்படுத்திய குழுவில் 35. அதே உற்சாகத்தோடு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று ஒரு வரி எழுதவைத்த குழுவில் 91. உற்சாகப் பேச்சு மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நடு எண்ணே போதும்.

இது கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவைதான். குறிப்பு மங்கலாக இருந்தால் கெடும்: "நேரம் கிடைத்தால்" என்பது எப்போதும் நடக்காத நிகழ்ச்சி. மணியைவிடச் செயல் நல்ல குறிப்பு. ஒன்பது மணி என்று எழுதினால் பஸ் தாமதமான அன்று திட்டமே போய்விடும். தட்டைக் கழுவுவது தினமும் நடந்தே தீரும். மறுப்பாக எழுதினாலும் கெடும்: "போனைத் தொடமாட்டேன்" என்று எழுதினால் மனதில் பதிவது போன்தான். பதிலுக்கு என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். அதிகமாகப் போட்டாலும் கெடும். டால்டன், ஸ்பில்லர் இருவரும் 2012-இல் காட்டியது: ஒரே இலக்குக்கு இப்படித் திட்டம் போட்டவர்கள் செய்தார்கள், ஆறு இலக்குகளுக்குப் போட்டவர்களுக்கு அது பலிக்கவில்லை, எவ்வளவு சிரமம் என்பதை ஒன்றாகப் பார்த்து மலைத்துவிட்டார்கள். ஆகவே எடை குறைப்பு, ஆங்கிலம், படிப்பு எல்லாவற்றையும் ஜனவரி ஒன்றாம் தேதி சேர்த்துத் தொடங்காதீர்கள்.

பத்து வரி என்பது ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்பீர்கள். களைத்த ஆளின் தடை தொடங்குவதில் இருக்கிறது. பத்து வரிக்குப் பிறகு நிறுத்தினாலும் அன்று திட்டம் நிறைவேறியதாகவே கணக்கு. இந்தச் சலுகையை நேர்மையாகக் கொடுங்கள். "பத்து வரி என்று சொல்லிவிட்டு ரெண்டு மணி நேரம் இழுத்துவிடுவான்" என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் அந்தப் பத்து வரிக்கும் உட்காராது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து 2010-இல் வெளியிட்டதில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுத்தர அளவு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை. நீங்கள் பதினைந்தாம் நாளில் நிற்கிறீர்கள் என்றால், பழக்கம் இன்னும் கால்வாசி தூரம்கூட வந்திருக்காது. அந்த இடத்தில் சிரமமாக இருப்பது இயல்பு. அதே ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

கணக்கு வைப்பது

138 ஆய்வுகள், ஏறக்குறைய 20,000 பேர் கொண்ட 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று தெளிவாகச் சொல்கிறது: முன்னேற்றத்தை அடிக்கடி சரிபார்த்தால் இலக்கை எட்டுவது கூடும், எழுதிவைத்தாலோ இன்னொருவருக்குத் தெரியும்படி வைத்தாலோ இன்னும் கூடும். செயலி எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டில் தேதி, திட்டம் நடந்ததா, என்ன படித்தேன், என்ன குறுக்கே வந்தது என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டம்தான் பொன். இரண்டு வாரம் கழித்து அதை மட்டும் வாசித்தால் உண்மையான தடை எது என்று தெரியும். பெரும்பாலும் நீங்கள் முதலில் எழுதிய தடை அது இல்லை. அப்போது திட்ட வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

கணக்கு பார்ப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. அயலெட் ஃபிஷ்பாக், ரவி தார் இருவரும் 2005-இல், உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு நல்ல முன்னேற்றம் என்று தோன்றும்படி செய்துவிட்டு, போகும்போது ஆப்பிளோ சாக்லேட்டோ ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 85 சதவீதம் பேர் சாக்லேட்டை எடுத்தார்கள். முன்னேற்றம் அவ்வளவாக இல்லை என்று தோன்றியவர்களில் 58. "இவ்வளவு செய்துட்டோமே" என்பது விடுமுறைச் சீட்டாகிவிடுகிறது. அதனால் நோட்டைப் பார்த்ததும் "எவ்வளவு முடிந்தது" என்பதோடு நிற்காமல் "இதை நான் ஏன் எடுத்தேன்" என்ற 'இ' காரணத்தையும் ஒரு வரி மேலே எழுதிவைத்திருங்கள். முதல் பாதியில் முடித்ததை எண்ணுங்கள் (மூன்று இயல் முடிந்தது), பாதியைத் தாண்டியதும் மிச்சத்தை எண்ணுங்கள் (இன்னும் இரண்டுதான்). எப்போதும் சிறிய எண்ணைப் பார்ப்பது ஊக்கத்தைக் காப்பதாக மின்ஜங் கூவும் ஃபிஷ்பாக்கும் 2012-இல் காட்டினார்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "மிஷன் குரூப் 4" என்று போடலாமா? வேண்டாம். நான் இன்னார் ஆகப்போகிறேன் என்று அறிவித்து அதற்குப் பத்துப் பேர் கட்டைவிரல் தூக்கினால், அந்த ஆளாகவே ஆகிவிட்ட உணர்வு பாதி வந்துவிடுகிறது, உழைப்பு குறைகிறது. கோல்விட்சர் குழு இதையும் 2009-இல் சோதித்திருக்கிறது. கூடப் படிக்கும் ஒரே ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அறிவிப்புக்கும் கணக்கு ஒப்படைப்புக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நிஜமாகவே 'பாசிட்டிவ்' பகுதி

செலிக்மன் குழுவினர் 2005-இல் பல பயிற்சிகளை ஒரு போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டதில், ஆறு மாதம் வரை பலன் நீடித்தவை இரண்டு. ஒன்று, தினமும் நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதுவது. அந்த 'ஏன்'-ஐ விட்டுவிட்டால் அது வெறும் பட்டியல். "இன்று புணர்ச்சி விதி புரிந்தது, ஏனென்றால் உதாரணத்தை நானே எழுதிப் பார்த்தேன்" என்று எழுதினால், உங்கள் செயலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படுகிறது. மற்றொன்று, உங்கள் முதன்மைக் குணபலங்களைப் புது விதத்தில் பயன்படுத்துவது. பீட்டர்சனும் செலிக்மனும் வகுத்த 24 குணபலங்களுக்கு இணையத்தில் இலவச வினாப்பட்டியல் இருக்கிறது. முதல் ஐந்தை எடுத்து இலக்கோடு கோத்துப் பாருங்கள். ஆர்வம் மேலே வந்தால், பொது அறிவைத் தேதிப் பட்டியலாகப் படிக்காமல் "இந்தச் சட்டம் ஏன் அந்த ஆண்டு வந்தது" என்று தேடிப் படியுங்கள். அன்பு, கனிவு மேலே வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரம் ஒருநாள் விகிதக் கணக்கு சொல்லிக்கொடுங்கள். உங்களுக்குத்தான் அதிகம் ஏறும்.

அளவு மீறவேண்டாம். நன்றி எழுதும் பயிற்சியை வாரம் ஒருமுறை செய்தவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, மூன்று முறை செய்தவர்களுக்கு இல்லை என்று சோன்யா லுபோமிர்ஸ்கி குழு 2005-இல் சொன்னது. ஒரு கெட்ட உணர்ச்சிக்கு மூன்று நல்ல உணர்ச்சி வேண்டும் என்ற 'மூன்றுக்கு ஒன்று' கணக்கை எங்காவது கேட்டிருந்தால் மறந்துவிடுங்கள். அதன் கணிதமே தவறு என்று 2013-இல் பிரவுன், சோகல், ஃபிரீட்மன் மூவரும் நிரூபித்துவிட்டார்கள். பயமும் எரிச்சலும் வந்தால் இலக்கு கெட்டுவிடாது.

நின்றுபோன பிறகு

உங்கள் கேள்வியின் மையம் உண்மையில் இங்கே இருக்கிறது. பத்தாம் நாள் ஏன் நிற்கிறது என்பதைவிட, பதினொன்றாம் நாள் ஏன் தொடங்கவில்லை என்று பாருங்கள். ஒருநாள் தவறியதும் "அவ்வளவுதான், போச்சு, இனி என்ன" என்று மொத்தமாக விடுவது உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வுகளில் நன்கு பதிவான நடத்தை. தவறியதைவிட, தவறியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வதே அதிகச் சேதம் செய்கிறது.

நம் ஊரில் தன்னைக் கடிந்துகொண்டால்தான் புத்தி வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தரவு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல், கடினமான சொற்பொருள் தேர்வில் தோற்ற மாணவர்களில் ஒரு குழுவிடம் "இது கஷ்டமான தேர்வு, பலருக்கும் வராது, உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்" என்ற தொனியில் பேசினார்கள். அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தவர்கள் அந்தக் குழுவினரே. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் செய்த 2010 ஆய்விலும், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்தவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள்.

செய்முறை இதுதான்: தவறிய மறுநாள் நோட்டில் மூன்று வரி. என்ன நடந்தது (தீர்ப்பு இல்லாமல்: "மூன்று நாள் உட்காரவில்லை, ஷிப்ட் மாறியது"). இதே நிலையில் நண்பர் இருந்தால் என்ன சொல்வேன். இன்று ராத்திரி பத்து வரி எந்தப் பக்கத்தில். திட்டத்தை ஈடுகட்ட இரட்டிப்பாக்காதீர்கள். மூன்று நாள் பாக்கியை ஒரே ராத்திரியில் வைத்தால் நான்காவது நாளும் போகும். மறுதொடக்கத்துக்குத் திங்கட்கிழமை, மாதப் பிறப்பு, பிறந்தநாள் போன்றவை உதவும், ஆட்கள் அந்த நாட்களில் புதிதாகத் தொடங்குவது 2014-இல் வெளியான ஆய்விலும் தெரிந்தது. ஆனால் இன்று புதன் என்பதால் திங்கள் வரை காத்திருப்பது இன்னொரு தடை வாக்கியம்.

இதில் ஓர் எல்லையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பிடித்ததிலும் மனம் ஒட்டாமல், எதற்கும் அர்த்தமில்லை என்று தோன்றினால் அது இலக்குப் பிரச்சினையாக இருக்காது. அப்போது நோட்டும் திட்டமும் வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416-க்குப் பேசுங்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக, விடுவதைப் பற்றியும் இப்போதே எழுதிவையுங்கள். கார்ஸ்டன் ரோஷ் குழுவினர் 2003 முதல் செய்துவரும் ஆய்வுகளில், எட்ட முடியாத இலக்கிலிருந்து விலகி வேறொன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களின் நலம் கூடுதலாகவே இருக்கிறது. தோற்ற அன்று ராத்திரி எடுக்கும் முடிவு கோபத்தில் எடுப்பது, ஆகவே மனம் அமைதியாக இருக்கும்போதே நிபந்தனையைத் தேதியோடு எழுதுங்கள்: "இன்னும் இரண்டு தேர்வு எழுதுவேன். இரண்டாவதுக்கு முன்பும் மாதிரித் தேர்வில் 200 கேள்விக்கு 150 சரி என்பதைத் தாண்டாவிட்டால், அதோடு இதை நிறுத்துவேன்." பக்கத்திலேயே அடுத்து எது என்றும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த ஆய்வுகளில் விலகியதோடு அடுத்த பிடிமானமும் இருந்தவர்களின் நிலைதான் நன்றாக இருந்தது. போட்ட கணக்கும் திறனறிவும் வங்கி, ரயில்வே தேர்வுகளுக்கு அப்படியே உதவும். உங்கள் நான்கு நாள் எழுத்தில் வந்தது சொந்த ஊரும் ஆறு மணி வீடும் என்றால், அந்த நேரக்கணக்கு உள்ள தனியார் வேலை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதா என்றும் ஒரு வரி எழுதிவையுங்கள்.